கூடத்தில் நாற்பத்தைந்து நிமிடங்கள்

2021 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.40க்கு எழுந்தேன். உடல் வெப்பம் 36.4. குளித்து விளக்கேற்றினேன். இரண்டு தோசை, தேங்காய்ச் சட்னி. 8.30க்குப் படியிறங்கிச் சந்தைக்கு நடந்தேன். வாசலில் கைப்பேசியால் வருகைப் பதிவுக் குறியீட்டைப் பதிந்துவிட்டு, கை சுத்தம் செய்து, முருங்கைக்காய், தக்காளி, தயிர் வாங்கிக்கொண்டு 9.25க்கு வீடு திரும்பினேன். முகக்கவசத்தைச் சவர்க்காரத்தில் ஊற வைத்தேன். மதியம் சாம்பார். இரண்டு முதல் மூன்று வரை தூக்கம். நான்கு மணிக்கு மேல் அந்த வாரத்துக்கான ஐந்து உடைகளையும் இஸ்திரி போட்டேன்.

அதற்கடுத்து நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "மாலை 6.50: எதிர்வீட்டம்மா வந்தார். 7.35: போனார். தேநீர்."

ஒரு வாரம் கழித்து இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுதியபோது அதில் எதையும் நான் கவனிக்கவில்லை.

அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மாநில அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் நான்காம் மாடியில் தனியாக இருக்கிறேன். நாட்குறிப்பு எழுதுவது பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம். காரணம் என்று எதுவும் இல்லை. எழுதாத நாள் முடியாத நாள் போலத் தோன்றும், அவ்வளவுதான். கோவிட் வந்த பிறகு முதல் வரியாக உடல் வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

என் அலுவலகத்தில் பெருந்தொற்று என்பது பெரும்பாலும் அறிவிப்புத் தாள்கள்தான். மாநில அரசு எதைச் சொன்னாலும் நான்கு மொழிகளில் ஒட்ட வேண்டும். எங்கள் பிரிவில் தமிழ் தட்டச்சு தெரிந்தவர் நான் ஒருவர் என்பதால் தமிழ்ப் பக்கம் என் மேசைக்கு வரும். 2020 மார்ச்சில் தொடங்கியது. சந்தைக் கடைக்காரர்கள் முறை வைத்துத் திறக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் மட்டும் வெளியே வரலாம். சாப்பாட்டுக் கடைகளில் பொட்டலம் மட்டும். மே மாதத்தில், நாடு முழுவதற்குமான செயலி எல்லோருக்கும் பழகுவதற்கு முன்பே, மாநிலம் தனக்கென்று ஒரு குறியீட்டை வெளியிட்டது. கடைக்காரர்கள் அதை அச்சிட்டு வாசலில் ஒட்டினார்கள். கைப்பேசி இல்லாதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டும், நூலில் கட்டிய பேனாவும். சில மாதங்களில் கோலாலம்பூரின், அதாவது மத்திய அரசின், குறியீடு அதன்மேல் ஒட்டப்பட்டது. பல கடைகளில் இன்றும் மேல்தாளின் ஓரத்தில் எங்கள் தாளின் மூலை தெரியும்.

எங்கள் கையில் எது இருந்தது, எது இல்லை என்பது தட்டச்சு செய்யும்போதே தெரிந்துவிடும். சந்தை, அங்காடிக் கடை, கோயில், மண்டபம் எங்கள் பக்கம். மருத்துவமனையும் போலீசும் கோலாலம்பூர் பக்கம். ஆகவே தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலமும் அந்தப் பக்கம். மாநிலத்துக்குள்ளேயே மாவட்டம் விட்டு மாவட்டம் போக வேண்டுமென்றால், போலீஸ் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

எதிர்வீட்டம்மா வந்தது அந்த அனுமதிக்காகத்தான். என்னைவிட ஐந்து வயது இளையவர். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர். பள்ளிகள் மூடியிருந்ததால் வேலையில்லை. கணவர் இறந்து பல வருடங்கள். ஒரே மகள், பாலத்துக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸில் வாடகை வீட்டில் இருந்தாள். எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருந்தது. மருமகன் சிங்கப்பூரில் வேலை. எல்லை மூடியதிலிருந்து வர முடியவில்லை. முதல் பிரசவம். பிப்ரவரி முதல் வாரம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பினாங்கில் மறுபடியும் தொடங்கி அன்றைக்கு ஐந்தாம் நாள்.

எங்கள் மாடியில் யாருக்கு எந்த விண்ணப்பம் என்றாலும் என் வீட்டுக்குத்தான் வரும். மலாய் பேசுவது எல்லோருக்கும் தண்ணீர் பட்ட பாடு. கட்டத்துக்குள் எழுதுவதென்றால் பயம். அவர் மகளின் மருத்துவ அட்டையை நகலெடுத்துக் கொண்டு வந்திருந்தார். ஏழு மணிக்கெல்லாம் எழுதி முடித்துவிட்டேன். எதற்கும் கையில் இருக்கட்டும் என்று வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். கையெழுத்துதான் பாக்கி. பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மணி என்ன அக்கா?"

"ஏழு."

"ஐயையோ. ராகு காலம்."

"அது ஆறு மணிக்கே முடிஞ்சிடுச்சே." நான் சுவர் நாட்காட்டியைக் காட்டினேன். ஞாயிறு, நாலரை முதல் ஆறு.

"அது இந்தியாவுக்கு லா, அக்கா. அங்க ஆறு மணிக்கு வெளிச்சம் வரும். நமக்கு ஏழேகால் ஆனாலும் இருட்டுதான். சூரியனே எந்திரிக்கல, ராகு மட்டும் எந்திரிச்சி உக்காந்திருப்பாரா? ஏழரைக்குத்தான் முடியுது. என் காலண்டர்ல போட்டிருக்கு."

இந்த விவாதம் எங்களுக்குள் புதிதல்ல. எனக்கு ராகு காலத்தில் பெரிய பற்றும் இல்லை, பகையும் இல்லை. ஆனால் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் கடிதம். இன்னும் அரை மணி நேரம். அவர் எழுந்தார்.

"வீட்டுக்குப் போயிட்டு ஏழரைக்கு வரேன்."

எதிர்வீட்டுக்கு ஒன்பது அடி. போய்விட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் சொன்னேன்: "எதுக்குப் போயிட்டுப் போயிட்டு வரணும்? உக்காருங்க. டீ போடுறேன்."

தேநீர் குடிக்க முகக்கவசத்தைக் கழற்றினோம். சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக, நடுவே இரண்டு அடி. மின்விசிறி இரண்டில். சன்னல் கொசுவுக்காகச் சாத்தியிருந்தது. அவர் மகளைப் பற்றிப் பேசினார். பிரசவ மருந்துக்கு எதையெதை வறுத்து இடித்து வைத்திருக்கிறார் என்று சொன்னார். தொலைபேசியில் மகள் அழும்போது தான் அழுவதில்லை என்றும், வைத்த பிறகுதான் அழுவதாகவும் சொன்னார். 7.31க்குக் கையெழுத்திட்டார். 7.35க்குப் போனார்.

வீட்டுக்கு வருகையாளர்கள் கூடாது என்ற அறிவிப்பின் தமிழ்ப் பக்கத்தை அந்த வாரம்தான் நான் தட்டச்சு செய்திருந்தேன்.

செவ்வாய், 19. "காலையில் தொண்டையில் கரகரப்பு. 36.7. உப்புநீர் கொப்பளித்தேன்." புதன்கிழமை அலுவலகத்திலிருந்து அழைப்பு. அறிவிப்புகளை வடிவமைக்கும் மலாய்க்கார நண்பருக்குத் தொற்று உறுதி. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, தைப்பூச அறிவிப்பைச் சரிபார்க்க, நானும் அவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு குளிர்சாதன அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இவ்வாண்டு ரத ஊர்வலம் இல்லை, காவடி இல்லை, தண்ணீர்மலைக் கோயிலுக்கு வர வேண்டாம், வீட்டிலேயே வழிபடுங்கள். தமிழ் எழுத்து ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கு வழிந்துகொண்டே இருந்தது. மதியம் கீழே உணவகத்தில் மேசைகளைக் கயிறு கட்டி அடைத்திருந்ததால், அந்த அறையிலேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். கூட்டம் கூடாதே என்று எழுதிய அறையில் எனக்குத் தொற்றியது. வியாழக்கிழமை மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள்.

சனிக்கிழமை, 23, காலை 10.20க்குச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார். முடிவு: தொற்று உண்டு. மரியாதையான குரல். அறிகுறி தோன்றியதற்கு இரண்டு நாள் முன்பிலிருந்து யார் யாருடன், ஒரு மீட்டருக்குள், முகக்கவசம் இல்லாமல், பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருந்தேன் என்று யோசித்து வைக்கும்படியும், இரண்டு மணிக்கு மறுபடி அழைப்பதாகவும் சொன்னார்.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த விளக்கத்தைத் தமிழில் தட்டச்சு செய்தவளே நான். செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்பு ஞாயிறு. ஞாயிறு மாலை 6.50 முதல் 7.35 வரை.

எதிர்வீட்டம்மாவுக்கு அனுமதிக் கடிதம் முந்தின நாள்தான் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை, 25, காலை பயணம். அவரிடம் சொல்லாமல் அவர் பெயரைக் கொடுப்பது சரியில்லை என்று பட்டதால் 10.40க்கு அழைத்தேன். எங்கள் இரண்டு கதவுகளும் எதிரெதிரே இருப்பதால் அவர் குரல் கைப்பேசியிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது.

"உங்களுக்கா? கை கழுவிக் கழுவியே தோலு உரிஞ்ச ஆளு லா நீங்க!"

"ஆமா. ரெண்டு மணிக்குத் திரும்பக் கூப்பிடுவாங்க. யாரோட உக்காந்திருந்தேன்னு கேப்பாங்க."



"என் பேரச் சொல்லப் போறீங்களா?"

"ஞாயித்துக்கிழமை கணக்குல வருது."

"எப்படி வருது? இன்னைக்குச் சனிக்கிழமை ஆயிடுச்சி."

விளக்கினேன். செவ்வாய் தொண்டை, அதிலிருந்து இரண்டு நாள்.

"அப்போ தொண்ட புதன்கிழமதான் கரகரன்னுச்சின்னு சொல்லிடுங்க. ஒரு நாள்தானே அக்கா. உங்க தொண்ட, உங்களுக்கு மட்டும்தானே தெரியும்? தொண்டைக்கு யாரு பிறப்புப் பத்திரம் கேக்கப் போறாங்க?"

நான் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"அக்கா, வேன் சொல்லியாச்சி. மூட்ட கட்டியாச்சி. எனக்கு ஒண்ணும் இல்ல. இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல. வாசனகூடத் தெரியுது, இப்பத்தான் பெருங்காய டப்பாவத் தொறந்து மோந்து பாத்தேன், மண்டைக்கு ஏறுது. அவ அங்க ஒத்தையா இருக்கா. நான் போகலன்னா யாரு போவா, சொல்லுங்க. நீங்களா போவீங்க?"

"ரெண்டு மணிக்குத்தான் கூப்பிடுவாங்க," என்றேன். அது எந்தக் கேள்விக்கும் பதிலில்லை.

மூன்று மணி நேரம் இருந்தது. ஒரு பக்கம், அவருக்கு உண்மையிலேயே எதுவும் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் ஒரு பெண் முதல் பிரசவத்துக்குத் தனியாகப் போவது என் வாயால். மறுபக்கம், அவருக்குள் அது வளர்ந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் பிறந்த குழந்தையை முதலில் கையில் வாங்கி, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சப் போகிறவர் அவர். இரண்டில் எது என்று சனிக்கிழமை காலையில் யாராலும் சொல்ல முடியாது. விதி எழுதப்பட்டிருப்பது அதனால்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் நான் பெரும்பாலும் யோசித்தது அதை அல்ல. ஏழு மணிக்கு அவர் எழுந்து நின்றதையும் நான் உட்காரச் சொன்னதையும்தான். அவரைப் போக விட்டிருந்தால் பத்து நிமிடம், முகக்கவசத்தோடு. கணக்கில் வந்தே இருக்க மாட்டார்.

சாப்பிட்டுப் பாத்திரம் கழுவினேன். நாட்குறிப்பை மேசையில் திறந்து வைத்தேன்.

இளைஞர் 2.07க்கு அழைத்தார். அறிகுறி எப்போது தொடங்கியது என்று கேட்டார். செவ்வாய் என்றேன். இதைத் துணிவு என்றோ கடமை என்றோ எழுத எனக்கு விருப்பமில்லை. மையால் எழுதிய தேதி கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது வேறொரு தேதியைச் சொல்ல என் நாக்குக்கு வராது. அது என் இயல்பு. நல்லதா கெட்டதா என்று அன்று நான் பார்க்கவில்லை. பிறகு அவர் எவ்வளவு நேரம் என்றார். நாற்பத்தைந்து நிமிடம். முகக்கவசம்? முதல் பத்து நிமிடம் இருந்தது. பிறகு ஏன் கழற்றினீர்கள்? தேநீர். அவர் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை என்று நன்றி சொன்னார்.

எதிர்வீட்டில் தொலைபேசி 2.31க்கு மணியடித்தது. கதவு வழியாகக் கேட்டது.

மறுநாள் ஞாயிறு காலை என்னை அழைத்துப்போக வேன் வந்தது. எனக்கு லேசான தொற்று. மருத்துவமனை வேண்டாம், தனிமைப்படுத்தல் மையம் போதும் என்றார்கள். பையோடு வெளியே வந்தபோது, எதிர்வீட்டு வெளிப்புற இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். மணிக்கட்டில் வீட்டுத் தனிமையைக் காட்டும் இளஞ்சிவப்புப் பட்டை. சுகாதார ஊழியர் சற்று முன்புதான் கட்டிவிட்டுப் போயிருந்தார். 27ஆம் தேதி முடியும் வரை கதவைத் தாண்டக் கூடாது. அவர் காலடியில் கட்டிய மூட்டை அப்படியே இருந்தது. என் பையைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார்.

மையம் எங்கே என்று நான் கேட்கவில்லை, ஓட்டுநரும் சொல்லவில்லை. வேன் கடற்கரைச் சாலையில் திரும்பியபோதுதான் புரிந்தது. 8.52க்குப் பாலத்தில் ஏறினோம். 9.06க்கு அக்கரையில் இறங்கினோம். சாலைத் தடுப்பில் இருந்த போலீஸ்காரர் வண்டியின் பலகையைப் பார்த்துவிட்டுக் கையசைத்து விட்டார். யாரிடமும் கடிதம் கேட்கவில்லை. மாநிலம் ஒரு மண்டபத்தைக் கொடுத்திருந்தது. கட்டில், மருந்து, தாதியர் கோலாலம்பூர் செலவு. மண்டபத்து வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பின் தமிழ்ப் பக்கம் நான் செய்தது. மூன்றாம் வரியில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது.

பெண்கள் பகுதியில் என் கட்டில் சுவரோரம். காலையும் மாலையும் விரலில் கருவி மாட்டி, ஆக்சிஜன் அளவைத் தாளில் நாமே எழுத வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த கட்டிலில் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண். இரண்டாம் நாள் என்னிடம் கேட்டாள்:

"அக்கா, நீங்க எத்தன பேரக் கொடுத்தீங்க?"

"எதுக்கு?"

"போன்ல கேட்டாங்கல்ல. நான் எட்டு. நாத்தனார் வீடு முழுக்க அள்ளிக் கொடுத்துட்டேன். பழைய கணக்கு லா." அவள் சிரித்தாள். எதிர்க் கட்டிலில் இருந்தவரும் சிரித்தார். "நீங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா? அவ்ளோ நல்லவங்களா நீங்க!"

"தனியா இருக்கேன். அந்த ஒருத்தர்தான் வந்தாங்க."

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, தன் கைப்பேசிக்குத் திரும்பினாள்.

புதன்கிழமை, 27, மாலை 4.18க்கு எதிர்வீட்டம்மாவின் எண்ணிலிருந்து எனக்கு ஒரு குரல்பதிவு வந்தது. சனிக்கிழமை பேசியதற்குப் பிறகு அவரிடமிருந்து வந்த முதல் செய்தி. பதினொரு விநாடி. சொல் எதுவும் இல்லை. குழந்தையின் அழுகை மட்டும். ஒரு வாரம் முந்திவிட்டது. பட்டை கழற்ற ஒரு நாள் பாக்கி. ஆணா பெண்ணா, தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. பதிவை மூன்று முறை கேட்டேன். அந்தக் குழந்தை இருந்த மருத்துவமனையும் நான் இருந்த மண்டபமும் பாலத்துக்கு ஒரே பக்கத்தில் இருந்தன.

மறுநாள் தைப்பூசம். மண்டபத்தில் வழக்கமான கஞ்சி. தண்ணீர்மலையில் ஆளில்லாத படிக்கட்டின் படத்தை யாரோ கைப்பேசியில் காட்டினார்கள். நன்றாகக் கழுவி வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, 29, என்னை விடுவித்தார்கள். மாலை 5.40க்கு நான்காம் மாடி ஏறினேன். என் கதவுக்கு முன்னால் நான்கு மத்தி மீன் டின்கள் வரிசையாக நின்றன. தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் கொடுக்கும் பையில் அரிசி, எண்ணெய், முட்டையோடு இவையும் இருக்கும். தைப்பூச விரதத்தில் இருந்த எதிர்வீட்டம்மாவுக்கு மத்தி. நான் மீன் தொடுவதில்லை என்பது அவருக்கு இருபது வருடமாகத் தெரியும். அவை எனக்குக் கொடுக்கப்பட்டவையா, என்மீது எறியப்பட்டவையா என்று டின்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. லேபிள்கள் எல்லாம் என் பக்கம் பார்த்திருந்தன.

எதிர்க்கதவு திறந்தது. இரும்புக் கதவு திறக்கவில்லை.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"பாலம் எப்படி இருந்துச்சி?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"எத்தன மணிக்கு ஏறினீங்க, எத்தன மணிக்கு எறங்கினீங்க, எல்லாம் எழுதி வச்சிருப்பீங்களே."

"எழுதியிருக்கேன்."

"எழுதுங்க, எழுதுங்க. இதையும் எழுதிக்குங்க. ரெண்டு தடவ மூக்குல குச்சி விட்டாங்க. ரெண்டு தடவையும் ஒண்ணும் இல்ல. கேட்டுச்சா அக்கா? ஒண்ணும் இல்ல."

"கேட்டுச்சி."

"மொத தடவ ஒண்ணும் இல்லன்னு வந்தப்பவே போயிருக்கலாம். விடல. பத்து நாளுன்னா பத்து நாளாம். அவ பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா ஆஸ்பத்திரிக்குக் கூடப் போயிருக்காங்க. முன்ன பின்ன பேசிப் பழக்கம்கூட இல்ல. அந்தம்மாதான் புள்ளைய வாங்கியிருக்காங்க."

அவர் குரல் உயரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. நான் யோசித்தேன். பெயரைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டால் அது பொய். அடுத்த முறையும் சொல்வேன்.

"அன்னைக்கு உங்கள உக்காரச் சொன்னது நான்தான்," என்றேன். "நீங்க போறேன்னுதான் எந்திரிச்சீங்க. டீ போட்டது என் தப்பு."



"டீயில சக்கர வேற கம்மி," என்றார்.

பிறகு உள்ளே போய் ஒரு தாளோடு வந்தார். சுகாதார அலுவலகத்தின் விடுவிப்புக் கடிதம். அன்று மதியம்தான் வந்ததாம். பழைய அனுமதியில் 25ஆம் தேதி என்று இருப்பதால் புதிதாக எழுதி வரும்படி போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டார்களாம். அவர் இரும்புக் கதவின் அடியில் தாளை வைத்து, துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளினார். தாள் பாதி வழியில் நின்றது. இன்னொரு தள்ளு. என் கால்பக்கம் வந்தது.

"நான் உள்ள வரமாட்டேன்," என்றார்.

"வர வேணாம். நானே எழுதிக் கொண்டாந்து தரேன்."

"எப்ப?"

"காலையில. மொத வேலையா." படிவத்தில் ஒரு கட்டம் நினைவுக்கு வந்தது. "யாரைப் பாக்கப் போறீங்கன்னு எழுதணும். என்ன குழந்தைன்னு நீங்க சொல்லவே இல்ல."

அவர் கதவைச் சாத்தப் போனவர் நின்றார்.

"பொண்ணு," என்றார். "ரெண்டரைக் கிலோ. எழுதிக்குங்க."

கதவைச் சாத்தினார். டின்களை உள்ளே எடுத்து வைத்தேன். அன்றைய நாட்குறிப்பில் கடைசி வரியாக எடையை எழுதினேன்.

2021 ஜனவரி 30, சனிக்கிழமை. காலை 6.15க்கு எழுந்தேன். வெப்பமானியை எடுக்கவில்லை. 17ஆம் தேதி எடுத்து வைத்திருந்த வெற்றுப் படிவத்தை மேசையில் வைத்து, பெயர், அடையாள அட்டை எண், போகும் இடம், காரணம் எல்லாவற்றையும் நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில், மகளையும் பிறந்த பேத்தியையும் பார்த்துக்கொள்ள என்று எழுதினேன். கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டு, விடுவிப்புக் கடிதத்தையும் பேனாவையும் சேர்த்துச் செருகி, எதிர்வீட்டு இரும்புக் கதவின் அடியில் உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு முறை தட்டிவிட்டுத் திரும்பினேன். மணி 6.48. சனிக்கிழமைக்கு என் நாட்காட்டியில் ராகு காலம் தொடங்குவது ஒன்பது மணிக்கு, அவருடையதில் பத்தரைக்கு.